வசந்தத்தில் முதல் காய்கறித் தோட்டம்: மண் சூடேறட்டும், பிறகு விதையுங்கள்

வசந்தம் தொடங்கிவிட்டது, வீட்டை ஒட்டி வெயில் படுகிற இடம் கொஞ்சம் இருக்கிறது, காய்கறியும் சமையலுக்கு ஆகும் மூலிகைகளும் வளர்க்க ஆசை, ஆனால் இதுவரை எதையும் வளர்த்ததில்லை. எப்போது விதைப்பது, எதில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பருவத்தில் தோற்றுப்போகிற தோட்டங்களில் பெரும்பாலானவை அவசரத்தால் தோற்றவை. அதனால் "எப்போது" என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

குளிர் விட்டு நாலு நாள் நல்ல வெயில் அடித்ததும் எல்லோருக்கும் கை பரபரக்கும். தக்காளி நாற்றை வாங்கிவந்து அன்றைக்கே நட்டுவிடுவார்கள். காற்று சூடாகிவிட்டது உண்மைதான். மண் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. ஈரம் கோத்த மண் இன்னும் மெதுவாகத்தான் சூடேறும். மேலே இதமான வெயில் அடிக்கும்போதும் சில விரல் கீழே மண் சில்லென்று கிடக்கும். விதையும் வேரும் இருக்கப்போவது அங்கேதான். ஆகவே காலண்டரைப் பார்த்து விதைக்காதீர்கள், பக்கத்து வீட்டைப் பார்த்தும் விதைக்காதீர்கள். மண்ணைப் பார்த்து விதையுங்கள்.

மண் வெப்பமானி என்று எளிய கருவி ஒன்று உண்டு. அது கிடைக்காவிட்டால் சமையலில் குத்திப் பார்க்கும் வெப்பமானியே போதும். விதைக்கப்போகும் இடத்தில் 5 செ.மீ. ஆழத்துக்குக் குத்தி, காலையில் வெயில் ஏறுவதற்கு முன் பாருங்கள். ஒரு நாள் அளவை நம்ப வேண்டாம். நாலைந்து நாள் தொடர்ந்து பார்த்தால்தான் மண்ணின் நிலை பிடிபடும். சில டிகிரிதானே என்று நினைத்துவிடாதீர்கள். தக்காளி விதை 25 டிகிரி செல்சியஸ் மண்ணில் ஏறத்தாழ ஆறு நாளில் முளைத்துவிடும். 15 டிகிரியில் இரண்டு வாரம் ஆகும். 10 டிகிரியில் ஆறு வாரம்கூட இழுக்கும். வெண்டை 30 டிகிரியில் ஒரு வாரத்தில் தலைகாட்டும், 15 டிகிரியில் நாலு வாரம் படுத்துக் கிடக்கும். அப்படிக் குளிர்ந்த ஈரத்தில் வாரக்கணக்கில் கிடக்கும் விதை பெரும்பாலும் முளைப்பதில்லை, அழுகிப்போகும். விதை சரியில்லை என்று நாம் விதையைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

இந்தக் கணக்கு எல்லாப் பயிருக்கும் ஒன்றல்ல என்பதுதான் வசந்தத்தின் நல்ல பக்கம். பட்டாணி, ஸ்பினாச், லெட்யூஸ், முள்ளங்கி, கேரட், பீட்ரூட், வெங்காயம், முட்டைக்கோஸ் குடும்பம், கொத்தமல்லி, பார்ஸ்லி இவையெல்லாம் குளிரோடு ஒத்துப்போகிறவை. மண் 7 முதல் 10 டிகிரி தொட்டதும் விதைக்கலாம். லேசான உறைபனியை இவற்றில் பலவும் தாங்கும். லெட்யூஸ் விதைக்கு அதிகச் சூடுதான் ஆகாது. மண் 27, 28 டிகிரியைத் தாண்டினால் நிறைய ரகங்கள் முளைக்காமல் உறங்கிவிடும். இன்னொரு பக்கம் தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டை, வெள்ளரி, பூசணி, பீன்ஸ், தண்டுக்கீரை, துளசிக் குடும்பத்து மூலிகையான பேசில். இவற்றுக்கு மண் குறைந்தது 16 முதல் 18 டிகிரி வேண்டும், இரவில் காற்று 10 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. மிளகாய், கத்தரி, வெண்டை மூன்றுக்கும் இரவு 13 டிகிரிக்கு மேல் நிற்கும்வரை பொறுப்பது நல்லது. குளிர்ந்த மண்ணில் வைத்த தக்காளி சாகாமல் இருக்கலாம், ஆனால் இலை ஊதாநிறம் பாய்ந்து அப்படியே நின்றுவிடும். இரண்டு வாரம் கழித்து நட்ட செடி அதை எட்டிப் பிடித்து முந்திவிடும்.

உறைபனி விழும் இடமென்றால், உங்கள் பகுதிக்குக் கடைசி உறைபனி நாள் என்று ஒன்றைச் சொல்வார்கள். அது பெரும்பாலும் சராசரி. அதாவது, ஏறக்குறைய பாதி ஆண்டுகளில் அந்த நாளுக்குப் பிறகும் உறைபனி வரும். வெப்பம் கேட்கும் பயிர்களுக்கு அதிலிருந்து இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். தென் அரைக்கோளத்தில் இருந்தால் வசந்தம் செப்டம்பரில் தொடங்குகிறது, மாதக் கணக்கை அப்படியே திருப்பிக்கொள்ள வேண்டும். உறைபனியே விழாத வெப்பமான இடமென்றால் நிலைமை வேறு. அங்கே வசந்தம் என்பது கோடையின் வாசல். பட்டாணிக்கும் லெட்யூஸுக்கும் பருவம் முடிந்திருக்கும், நேராகத் தக்காளி, வெண்டை இருக்கிற இரண்டாம் கூட்டத்துக்கே போய்விடலாம்.

வானிலை அறிவிப்பில் இரவு 3 டிகிரி என்று போட்டிருக்கும், காலையில் பார்த்தால் செடி கருகித் தொங்கும். இது பலருக்கும் புரியாத புதிர். அந்த அளவு தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் எடுப்பது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். தரையை ஒட்டிய காற்று அதைவிட மூன்று நாலு டிகிரி இறங்கி உறைநிலைக்குப் போய்விடும். ஆகவே வானம் தெளிவாக, காற்றசைவே இல்லாமல், 4 டிகிரிக்குக் கீழே என்று சொன்னால் மாலையிலேயே மூடிவிடுங்கள். பழைய போர்வை போதும். ஆனால் அது தரைவரை தொங்க வேண்டும், ஓரத்தில் கல் வைத்து அழுத்த வேண்டும். செடியைக் காப்பாற்றுவது மண்ணிலிருந்து எழும் சூடு. அது வெளியே போகாமல் துணி பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். தலையை மட்டும் மூடித் தண்டோடு கட்டினால் அந்தச் சூடு உள்ளே வரவே வராது. வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

இனி இடம். ஒரு நாள் வீட்டில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போய் வெயில் எங்கே விழுகிறது, நிழல் எங்கே நகர்கிறது என்று பாருங்கள். காய்க்கிற செடிகளுக்கு நேரடி வெயில் ஆறு முதல் எட்டு மணி நேரம் வேண்டும். கிழங்கு வகைக்கு நாலைந்து மணி நேரம் போதும். இலை வகையும் கொத்தமல்லி, புதினா, பார்ஸ்லியும் மூன்று நாலு மணி நேரத்தில் சமாளித்துக்கொள்ளும். வசந்தத்தில் ஒரு ஏமாற்று உண்டு: இலையுதிர்த்த மரங்கள் இப்போது மொட்டையாக நிற்கும், கீழே வெயில் கொட்டும். இன்னும் ஆறு வாரத்தில் அவை இலை கட்டினால் அந்த இடம் முழுக்க நிழல். மரத்தடியைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு, மரவேர் உங்கள் தண்ணீரையும் எருவையும் உறிஞ்சிவிடும். முடிந்தவரை தண்ணீர்க் குழாய்க்கும் அடுக்களை வாசலுக்கும் பக்கத்தில் அமையுங்கள். கண்ணில் படாத தோட்டம் கவனிப்பில்லாமல் போகும்.

அளவைப் பொறுத்தவரை நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன்: முதல் வருஷம் ஒரே ஒரு பாத்தி. 1.2 மீட்டர் அகலம், இரண்டு இரண்டரை மீட்டர் நீளம். 1.2 மீட்டர் ஏனென்றால் இரண்டு பக்கமும் நின்று கையை நீட்டினால் நடுவரை எட்டும், பாத்திக்குள் கால் வைத்து மண்ணை மிதிக்க வேண்டியதில்லை. அதில் நாலைந்து பயிருக்கு மேல் வேண்டாம். வீட்டில் அடிக்கடி சாப்பிடுவதையே தேர்ந்தெடுங்கள். எனக்குப் பிடித்த தொடக்கக் கூட்டணி: முன்னால் முள்ளங்கி, லெட்யூஸ், ஒரு ஓரத்தில் கம்பி வலையில் பட்டாணி, மண் சூடேறிய பிறகு இரண்டு தக்காளி, கொஞ்சம் பீன்ஸ். முள்ளங்கி நாலு வாரத்தில் கைக்கு வந்துவிடும், அது தருகிற தெம்பு பெரிது. காலிஃபிளவரையும் செலரியையும் முதல் வருஷம் தொடாதீர்கள். இரண்டும் தண்ணீரிலும் வெப்பத்திலும் சிறு ஏற்றத்தாழ்வு வந்தால்கூடக் கோணிக்கொள்ளும்.

மண்ணுக்கு வருவோம். மண்வெட்டியைத் தூக்குவதற்கு முன் ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் அழுத்தி உருண்டை பிடியுங்கள். கட்டைவிரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் வேலை தொடங்கலாம். உதிராமல் களிமண்ணாக விரலில் ஒட்டிக்கொண்டு, அழுத்திய இடம் பளபளத்தால், அன்றைக்கு மண்ணைத் தொடவே வேண்டாம். ஈரக் களிமண்ணைக் கொத்தினாலும் மிதித்தாலும் மண்துகள்களுக்கு இடையே இருக்கும் காற்றிடம் நசுங்கிவிடும். காய்ந்ததும் அது செங்கல்லாக இறுகும், அந்தப் பருவம் முழுக்க வேர் திணறும். மூன்று நாள் காய விடுவதில் நஷ்டம் எதுவும் இல்லை.

மண் தயாரானதும் களையை வேரோடு எடுத்து, நன்கு மக்கிய எருவை 3 முதல் 5 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, மேல் ஒரு சாண் மண்ணோடு கலந்துவிடுங்கள். மக்கியது என்றால் கறுப்பாக, காட்டு மண் வாசனையோடு, எதிலிருந்து வந்தது என்று அடையாளம் தெரியாமல் இருக்க வேண்டும். சாண நெடி அடித்தாலோ உள்ளே கைவைத்தால் சூடாக இருந்தாலோ அது இன்னும் ஆகவில்லை. பச்சைச் சாணம் வேரைக் கருக்கும். நோய்க்கிருமிகளும் அதில் இருக்கலாம். மண்ணைத் தொட்டு வளரும் கீரை, கிழங்கு வகைகளுக்குப் பச்சைச் சாணம் போட்டால் அறுவடைக்குக் குறைந்தது 120 நாள் இடைவெளி வேண்டும் என்பது இயற்கை வேளாண்மையில் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. வசந்தத்தில் அவ்வளவு நாள் நம்மிடம் இல்லை.

வெளியிலிருந்து எருவோ மக்கிய உரமோ வாங்கினால் ஒரு சோதனை அவசியம். அமினோபைராலிட், குளோபைராலிட் போன்ற சில புல்வெளிக் களைக்கொல்லிகள், புல்லைத் தின்ற மாட்டின் சாணத்திலும் வீரியம் குறையாமல் வந்து சேரும், மக்கிய பிறகும் தங்கியிருக்கும். அந்த எரு விழுந்தால் தக்காளி, பீன்ஸ், பட்டாணி எல்லாம் குருத்திலேயே சுருண்டுவிடும். ஆகவே இரண்டு சிறு தொட்டிகளை எடுத்து, ஒன்றில் தொட்டிக் கலவையோடு அந்த எருவைச் சரிபாதி கலந்தும், இன்னொன்றில் வெறும் கலவையிலும் நாலு நாலு பீன்ஸ் விதை போடுங்கள். மூன்று வாரத்தில் இரண்டிலும் இலை ஒன்றுபோல விரிந்தால் எரு நல்லது. எரு கலந்ததில் மட்டும் குருத்து சுருண்டு இலை குவிந்தால் அதைத் தோட்டத்துக்குள்ளேயே விடாதீர்கள்.

பழைய வீடென்றால் சுவரை ஒட்டிய மண்ணில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. முன்பெல்லாம் பெயின்டில் ஈயம் சேர்ப்பார்கள். அது உதிர்ந்து மண்ணிலேயே தங்கிவிடும். மண் பரிசோதனை செய்யும்போது கார அமில அளவோடு (pH) ஈயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கார அமில அளவு 6-க்கும் 7-க்கும் இடையே இருந்தால் ஏறக்குறைய எல்லாக் காய்கறிக்கும் ஒத்துவரும். ஈயம் அதிகமிருந்தால், அல்லது மண் வெறும் கல்லாக இருந்தால், 25, 30 செ.மீ. உயரத்துக்குப் பலகை அடித்து மேட்டுப்பாத்தி அமைத்து நல்ல மண்ணை வெளியிலிருந்து நிரப்புங்கள். மேட்டுப்பாத்தி வசந்தத்தில் சீக்கிரம் வடிந்து சீக்கிரம் சூடேறும், அது கூடுதல் லாபம்.

தரையே இல்லை, பால்கனி மட்டும்தான் என்றாலும் கவலை வேண்டாம். தக்காளிக்கு 20 லிட்டர் தொட்டி, மிளகாய்க்கு 10 முதல் 12 லிட்டர், லெட்யூஸுக்கும் கீரைக்கும் 15 செ.மீ. ஆழமுள்ள அகலத் தட்டு. தொட்டியில் தோட்டத்து மண்ணை மட்டும் போட்டால் இறுகிவிடும். தென்னை நார்க்கழிவு, மக்கிய உரம், பெர்லைட் என்கிற எடையற்ற வெள்ளைத் துகள் கலந்த இலகுவான கலவை வேண்டும். அப்புறம், தண்ணீர் வடியட்டும் என்று அடியில் ஜல்லி போடுவார்கள். அதனால் பலன் இல்லை. மெல்லிய கலவையில் இருக்கும் தண்ணீர், கீழே பெரிய கற்கள் இருந்தால் அவற்றுக்குள் எளிதில் இறங்காது. ஜல்லிக்கு மேலேயே தேங்கி வேரின் மட்டத்துக்கு வந்துவிடும். அடியில் துளை சரியாக இருந்து, மேலிருந்து கீழ்வரை ஒரே கலவையாக இருப்பதே நல்ல வடிகால்.

விதையா நாற்றா என்பதற்குச் சுருக்கமான பதில்: கிழங்கு விடுபவையையும் பெரிய விதைகளையும் நேரடியாக விதையுங்கள், மெதுவாக வளர்பவற்றை நாற்றாக நடுங்கள். கேரட், முள்ளங்கியின் முதல் வேர்தான் நாம் சாப்பிடும் கிழங்கு. பிடுங்கி நட்டால் அது முறுக்கிக்கொள்ளும். பட்டாணி, பீன்ஸ், பூசணி தாமாகவே வேகமாக வரும். தக்காளி, மிளகாய், கத்தரிக்கு முதல் வருஷம் நல்ல நாற்று வாங்கிக்கொள்வதே என் சிபாரிசு. வாங்கும்போது உயரமான செடியை எடுக்காதீர்கள். குட்டையாக, தண்டு பருத்து, இன்னும் பூக்காமல் இருப்பதைப் பாருங்கள். தொட்டியின் அடித்துளை வழியே வேர் கத்தை கத்தையாக வெளியே வந்திருந்தால் அது அடைபட்ட செடி.

நாமே நாற்று விட வேண்டுமென்றால் கடைசி உறைபனி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: மிளகாய், கத்தரிக்கு எட்டு முதல் பத்து வாரம், தக்காளிக்கு ஆறு முதல் எட்டு, வெள்ளரி, பூசணிக்கு மூன்று நாலு வாரம். முளைக்கும்வரை சூடு முக்கியம், முளைத்த நிமிஷத்திலிருந்து வெளிச்சம். ஜன்னலோரம் நமக்குப் பளிச்சென்று தெரிந்தாலும் நாற்றுக்கு அது அரை இருட்டு. அது வெளிச்சத்தைத் தேடி ஒரு பக்கம் சாய்ந்து, நூலாக நீண்டு, தன் இலையையே தாங்க முடியாமல் விழும். சாதாரண வெள்ளை எல்இடி குழல்விளக்கைத் தலைக்கு மேல் 5 முதல் 10 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். செடி வளர வளர விளக்கை உயர்த்துங்கள்.

நாற்றுப் பருவத்தில் பயப்பட வேண்டியது நாற்றழுகல். நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று தரைமட்டத்தில் இடுப்பு சுருங்கி, நனைந்த நூல்போல ஆகி, பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும். பித்தியம், ரைசோக்டோனியா முதலிய மண்வாழ் கிருமிகளின் வேலை அது. வந்தபின் மருந்து கிடையாது, வராமல் தடுப்பதுதான். புதிய கலவை, கழுவிய தட்டு, நெருக்கமில்லாத விதைப்பு. தண்ணீரை மேலே ஊற்றாமல் அடித்தட்டில் ஊற்றி, அரைமணி நேரம் உறிஞ்சவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். சின்ன மின்விசிறியை மெல்ல ஓடவிட்டால் மேல்மண் காயும், ஆடி ஆடித் தண்டும் உறுதிப்படும். முளைத்ததும் முதலில் விரிகிற வித்திலை இரண்டுக்குப் பிறகு வரும் முதல் நிஜ இலை விரிந்ததும் குழிக்கு ஒன்று மட்டும் விட்டு மற்றதைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும்.

வீட்டுக்குள் வளர்ந்த நாற்றை நேரே வெயிலில் நட்டால் இலை வெளுத்துப் பொசுங்கும். ஏழு முதல் பத்து நாள் பழக்க வேண்டும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம், பிறகு காலை இளவெயில், அப்படியே கூட்டிக்கொண்டே போய் கடைசி இரண்டு இரவு வெளியிலேயே விடலாம். அந்த நாட்களில் இலையின் மேல்தோல் தடிப்பதும் மெழுகுப் பூச்சு ஏறுவதும் நடக்கிறது. அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் இதை விட்டால் இரண்டு மாத உழைப்பும் வீண்.

நடுவதற்கு மேகமூட்டமான நாளையோ மாலை நேரத்தையோ தேர்ந்தெடுங்கள். தக்காளியை மட்டும் ஆழமாகப் புதைக்கலாம், மண்ணுக்குள் போன தண்டிலிருந்து புதிய வேர்கள் கிளம்பும். மற்றதெல்லாம் தொட்டியில் இருந்த மட்டத்திலேயே. தக்காளிக்கு 50, 60 செ.மீ. இடைவெளி விடுங்கள். குச்சி ஊன்றுவதை நடும்போதே செய்துவிடுங்கள், பிறகு ஊன்றினால் வேரைக் குத்தும். தக்காளி விதை உறையில் ஓரளவோடு நின்றுவிடும் ரகமா, பனி வரும்வரை ஏறிக்கொண்டே போகும் கொடி ரகமா என்று போட்டிருக்கும். சிறு இடத்துக்கும் தொட்டிக்கும் முதலாவது. கொடி ரகத்துக்கு ஆளுயரக் கம்பு வேண்டும், பக்கக்கிளைகளை வாரம் ஒருமுறை கிள்ள வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு சதுர மீட்டருக்கு வாரம் 25 லிட்டர் என்பதை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் 25 மி.மீ. மழை பெய்தால் அதுவே அந்த 25 லிட்டர்தான், தனியாக ஊற்ற வேண்டியதில்லை. ஆனால் கணக்கைவிட விரலை நம்புங்கள். இரண்டாம் கணுவரை மண்ணுக்குள் விடுங்கள். அங்கே ஈரம் இருந்தால் இன்று வேண்டாம். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே படரும், ஒரு நாள் வெயில் ஏறினாலும் வாடும். வாரம் இரண்டு மூன்று முறை ஆழமாக, காலையில், இலையில் படாமல் அடியில் ஊற்றுங்கள். புதிதாக விதைத்த இடத்துக்கு மட்டும் இது பொருந்தாது. கேரட் விதை மிக மேலாக இருக்கும், முளைக்க இரண்டு வாரம் ஆகும், அதுவரை மேல்மண் ஒருமுறைகூடக் காயக் கூடாது. விதைத்த வரிசைமேல் ஒரு பலகையைப் போட்டு மூடி, ஐந்தாம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பார்த்து, முளை தெரிந்ததும் எடுத்துவிடுங்கள்.

தக்காளியின் அடிப்பாகம் கறுத்துத் தோல்போல் ஆவதைப் பார்த்து நோய் என்று மருந்து தேடுவார்கள். பெரும்பாலும் அது தண்ணீர் ஏறுமாறாகக் கிடைப்பதால் வருவது. மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும் அது தண்ணீரோடு சேர்ந்துதான் காய்க்குப் போக முடியும். ஓட்டம் தடைப்பட்டால் காயின் நுனிக்குப் போய்ச் சேராது. ஒரே சீராகத் தண்ணீர் விட்டு, மண் நன்றாகச் சூடேறிய பிறகு வைக்கோலோ காய்ந்த இலையோ 5 செ.மீ. மூடாக்குப் போட்டால் அடுத்த காய்கள் சரியாகிவிடும். மூடாக்கைச் சீக்கிரமே போட்டுவிடாதீர்கள், அது குளிரையும் சேர்த்து மூடிவைக்கும்.

உரத்தில் தாராளம் வேண்டாம். தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் செடி காடாக வளரும், காய் இருக்காது. நல்ல எரு போட்ட பாத்திக்கு முதல் பூ வரும்வரை எதுவும் தேவையில்லை. பட்டாணியும் பீன்ஸும் வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியா மூலம் காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். தொட்டிச் செடிக்கு மட்டும், தண்ணீரோடு சத்து வடிந்துவிடுவதால், பூக்கத் தொடங்கியதும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரவ உரம் கொடுங்கள்.

பூச்சிகளில் வசந்தத்து எதிரிகள் இரண்டு. ஈரமான இரவில் ஓடில்லா நத்தை இளநாற்றை மொட்டையாக்கும். இருட்டிய பிறகு விளக்கோடு போய் பொறுக்குவதே நிச்சயமான வழி. இரவில் மண்ணிலிருந்து வந்து தண்டைத் தரைமட்டத்தில் அறுத்துப்போடும் புழுவுக்கு, அட்டைக் குழலை 5 செ.மீ. உயர வளையமாக வெட்டிப் பாதி மண்ணுக்குள் இருக்கும்படி தண்டைச் சுற்றி வையுங்கள். சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சியான அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சியடித்துத் தள்ளினால் போதும். உடனே மருந்தடித்தால் அதைத் தின்ன வரும் பொறிவண்டும் செத்துப்போகும். பூசணியில் முதலில் வரும் பூக்கள் ஆண்பூக்கள், அவை உதிர்வது இயல்பு. அடியில் குட்டிக் காயோடு வருவதுதான் பெண்பூ.

மூலிகைகளை ஒரே பாத்தியில் கலந்து வைக்கும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை, அவற்றின் குணம் அவ்வளவு வேறுபட்டது. ரோஸ்மேரி, தைம், ஓரிகானோ மூன்றும் வறண்ட கல்நிலத்துச் செடிகள். எரு வேண்டாம், ஈரம் ஆகாது. மணல் கலந்த தொட்டியில் நல்ல வெயிலில் வைத்து, மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். கொழுத்த மண்ணில் இலை நிறைய வரும், வாசனை குறைந்துவிடும். ரோஸ்மேரியை விதையிலிருந்து கொண்டுவருவது நீண்ட காத்திருப்பு, செடியாகவே வாங்குங்கள். புதினா இதற்கு நேர்மாறு. ஈரமும் அரைநிழலும் போதும், ஆனால் மண்ணுக்கடியில் ஓடும் தண்டால் ஒரே பருவத்தில் பாத்தியையே பிடித்துக்கொள்ளும். அதற்குத் தனித் தொட்டிதான். விதை தேவையில்லை, ஒரு கொத்தில் நல்ல தண்டை எடுத்து, கீழ் இலைகளை நீக்கித் தண்ணீரில் வைத்தால் ஓரிரு வாரத்தில் வேர் விடும்.

கொத்தமல்லிதான் அதிகம் பேரைக் கைவிடுவது. அந்த உருண்டை உண்மையில் ஒரு காய், அதற்குள் இரண்டு விதைகள் இருக்கின்றன. உள்ளங்கையிலோ பலகையிலோ மெல்ல அழுத்தித் தேய்த்தால் இரண்டாகப் பிரியும். தூளாகும் அளவுக்கு அழுத்தக் கூடாது. ஒரு செ.மீ. ஆழத்தில் விதைத்தால் ஒன்றரை இரண்டு வாரத்தில் முளைக்கும். ஆணிவேர் என்பதால் நாற்று நடுவது சரிப்படாது, விதைத்த இடத்திலேயே வளர வேண்டும். பகல் நீண்டு சூடு ஏறியதும் அது இலையை விட்டுவிட்டுப் பூவுக்குத் தாவிவிடும், நீங்கள் என்ன செய்தாலும் அதைத் தடுக்க முடியாது. ஆகவே மண் 10 டிகிரி ஆனதிலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு சாண் வரிசை விதைத்துக்கொண்டே இருங்கள். கோடை நெருங்கும்போது பிற்பகல் நிழலுள்ள இடத்துக்கு மாறுங்கள். பூத்ததைப் பிடுங்கிவிடாமல் இரண்டு செடியை விட்டுவைத்தால் தேனீயும் வரும், அடுத்த விதைப்புக்கு மல்லியும் கிடைக்கும்.

பேசில் எல்லாவற்றிலும் குளிருக்குப் பயந்தது. 10 டிகிரிக்குக் கீழே ஒரே இரவில் இலை கறுக்கும். தக்காளியை நட்டு ஒரு வாரம் கழித்து இதை நடுங்கள். ஒரு சாண் உயரம் வந்ததும், மேலிருந்து கீழே பார்த்தால் ஒவ்வொரு இலை ஜோடியின் கக்கத்திலும் இரண்டு குட்டித் தளிர்கள் இருப்பது தெரியும். அந்தத் தளிர்களுக்குச் சற்று மேலே தண்டைக் கிள்ளுங்கள். ஒரு தண்டு இரண்டாகும், அடுத்த முறை நாலாகும். கீழே இருக்கும் பெரிய இலைகளை உருவி எடுப்பவர்களின் செடி குச்சியாக உயர்ந்து சீக்கிரம் பூத்துவிடும். பார்ஸ்லி முளைக்க மூன்று வாரம் எடுக்கும், அதற்குள் நம்பிக்கை இழந்து பாத்தியைக் கிளறிவிட வேண்டாம்.

பறிப்பதில் தயங்காதீர்கள். லெட்யூஸில் வெளி இலைகளை மட்டும் எடுத்து நடுக்குருத்தை விட்டால் பல வாரம் தரும். பட்டாணியும் பீன்ஸும் இரண்டு நாளுக்கு ஒருமுறை பறிக்கப் பறிக்கத்தான் பூக்கும்; காய் முற்ற விட்டால் தன் வேலை முடிந்ததென்று நின்றுவிடும். கோடைச் சூட்டில் லெட்யூஸ் நடுத்தண்டு நீண்டு இலை கசக்கத் தொடங்கினால் அதோடு போராட வேண்டாம், பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் பீன்ஸோ தண்டுக்கீரையோ போடுங்கள். பட்டாணி காய்ந்ததும் வேரைப் பிடுங்காமல் தரைமட்டத்தில் வெட்டுங்கள், முடிச்சுகள் மண்ணிலேயே மக்கட்டும். அந்தக் கம்பி வலை அப்படியே இருக்கட்டும். மண் இப்போது 20 டிகிரியைத் தாண்டியிருக்கும், அதன் அடியில் வெள்ளரி விதையை 2 செ.மீ. ஆழத்தில் ஊன்றினால் ஒரு வாரத்தில் முளைத்து அதே வலையில் ஏறிக்கொள்ளும்.